போன் எண்ணுக்கும் விலை உண்டு

"போட்டியில் கலந்துகொள்ளுங்கள்! பரிசை வெல்லுங்கள்! கட்டணம் இல்லை!"

செல்போனில் இப்படி அடிக்கடி விளம்பரம் வருகிறது. கேள்வியும் சுலபமாக இருக்கிறது. இந்தியாவின் தலைநகரம் எது? சென்னையா, டெல்லியா, மும்பையா? பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் பதில் சொல்லிவிடும்.

பதில் சொன்னதும் அடுத்த பக்கம் வருகிறது. பெயர் என்ன? போன் எண் என்ன? ஊர் எது? வயது என்ன? வீட்டில் எத்தனை பேர்? மாத வருமானம் எவ்வளவு? சொந்த வீடா, வாடகை வீடா?

போட்டிக்குக் கேள்வி ஒன்று. ஆளைப் பற்றிக் கேள்வி ஏழு. இது ஏன்?

பரிசு யார் பணம்?

போட்டியை நடத்துபவர் ஒருவர். பரிசுக்குப் பணம் கொடுப்பவர் பெரும்பாலும் வேறொருவர். அவரை ஸ்பான்சர் என்கிறார்கள். சோப்பு, சமையல் எண்ணெய், மோட்டார் சைக்கிள், காப்பீடு விற்கும் நிறுவனங்கள் இப்படி ஸ்பான்சர் ஆகின்றன. தங்கள் பொருளை யாரிடம் விற்கலாம் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதற்குப் பெயரும் எண்ணும் வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பரிசு 10,000 ரூபாய் செல்போன் என்று வைத்துக்கொள்வோம். போட்டியில் 20,000 பேர் கலந்துகொள்கிறார்கள். எல்லோருடைய எண்ணும் ஸ்பான்சருக்குப் போகிறது. அப்படியானால் ஒரு எண்ணின் விலை 50 காசு. பரிசு ஒருவருக்கு. மற்ற 19,999 பேருக்கும் விளம்பர அழைப்புதான் மிச்சம்.

கட்டணம் இல்லை என்றது சரியா? பணமாக வாங்கவில்லை. விவரமாக வாங்கிக்கொண்டார்கள்.

சின்ன எழுத்தில் ஒரு வரி

பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். "என் விவரங்களைப் பங்குதாரர் நிறுவனங்களுடன் பகிர்ந்துகொள்ளச் சம்மதிக்கிறேன்" என்பது அதன் பொருள். பல இடங்களில் அது ஆங்கிலத்தில் இருக்கும். பக்கத்தில் ஒரு சிறிய கட்டம் இருக்கும். அதில் 'டிக்' செய்தால் சம்மதம் கொடுத்ததாக எடுத்துக்கொள்வார்கள். சில இடங்களில் 'டிக்' முன்பே போடப்பட்டிருக்கும்.

அந்தக் காலத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் பத்திரத்தில் கைநாட்டு வாங்கினார்கள். பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. பலருக்கு நிலம் போனது. கடன் ஏறியது. படிக்காமல் போடும் 'டிக்' குறியும் ஒரு கைநாட்டுதான்.

அழைப்பு மட்டும்தானா?

விளம்பர அழைப்பு வந்தால் துண்டித்துவிடலாம், இதில் என்ன நஷ்டம் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் பட்டியல் ஒரு கையோடு நிற்பதில்லை. காகிதத்தில் இருந்தால் திருப்பி வாங்கலாம். கணினியில் உள்ள பட்டியலை ஒரு நொடியில் நகல் எடுக்கலாம். பல கை மாறினால் அது யாரிடம் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. ஏமாற்றுக்காரர் கையிலும் சேரலாம்.

'கௌன் பனேகா குரோர்பதி' என்பது 2000-இல் தொடங்கிய இந்தித் தொலைக்காட்சிப் போட்டி. அதன் பெயரைச் சொல்லி, "உங்களுக்கு 25 லட்சம் ரூபாய் விழுந்திருக்கிறது" என்று மோசடிக்காரர்கள் நாடெங்கும் வாட்ஸ்அப் செய்தி அனுப்பினார்கள். பரிசைப் பெற முதலில் பணம் கட்டு என்றார்கள். இது மோசடி என்று அரசு எச்சரித்தது. உண்மையான பணப் பரிசு என்றால் வரியைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். முன்பணம் கேட்க மாட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

தனி மனிதரின் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டு 24 அன்று தீர்ப்பளித்தது. 9 நீதிபதிகள் ஒருமனதாகக் கொடுத்த தீர்ப்பு அது.

2023-இல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. சம்மதம் பற்றிய பிரிவுகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில், நடைமுறைக்கு வரும் என்பது ஏற்பாடு. அந்தச் சட்டம் சொல்வது இது:

எதற்காக விவரம் கேட்கிறோம் என்பதை எளிய மொழியில் சொல்ல வேண்டும். ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் 8-ஆவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ அதைப் படிக்க வழி செய்ய வேண்டும். தமிழ் அந்த 22-இல் ஒன்று.

சொன்ன வேலைக்குத் தேவையான விவரத்துக்கு மட்டுமே சம்மதம் செல்லும்.

விவரம் யார் யாருக்குப் போனது என்று கேட்கலாம்.

கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

போட்டியை நடத்துவது யார் என்று முதலில் பார்க்க வேண்டும். பெயரும் முகவரியும் இல்லாத போட்டியை விட்டுவிடுவது நல்லது.

பொடி எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க வேண்டும். புரியாவிட்டால் தெரிந்தவரிடம் காட்டிக் கேட்க வேண்டும். புரியாமல் 'டிக்' போடக் கூடாது. முன்பே போட்ட 'டிக்'கை எடுத்துவிட வேண்டும்.

ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், ஓ.டி.பி. ஆகியவற்றை எந்தப் போட்டிக்காகவும் கொடுக்கக் கூடாது.

விளம்பர அழைப்பு வேண்டாம் என்றால் 1909 என்ற எண்ணுக்குப் பேசிப் பதிவு செய்யலாம். ஆனால் ஒரு நிறுவனத்துக்குத் தனியாகச் சம்மதம் கொடுத்திருந்தால், அது இந்தப் பதிவையும் தாண்டி வரும். அந்தச் சம்மதத்தையும் ரத்து செய்ய வேண்டும்.

ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு மறைத்தால் லாபம் ஏமாற்றியவருக்குத்தான்.

கலந்து பேச:

1. பரிசு 5,000 ரூபாய். கலந்துகொண்டவர்கள் 20,000 பேர். ஒரு எண்ணின் விலை எவ்வளவு?

2. கடையிலும் பொருட்காட்சியிலும் கூப்பன் எழுதிப் பெட்டியில் போடுகிறோம். அந்தக் கூப்பன்கள் பிறகு எங்கே போகின்றன? கடைக்காரரிடம் கேட்டு வந்து சொல்லுங்கள்.