வெண்புள்ளித் தீநுண்மியின் புரத உருவாக்கம்

வெண்புள்ளித் தீநுண்மி என்பது இறால், நண்டு முதலிய ஓட்டுடலிகளைத் தாக்கும் ஒரு தீநுண்மி (வைரசு) ஆகும். தனக்கு வேண்டிய புரதங்களை இது தாக்கப்பட்ட உயிரியின் உயிரணுக்களைக் கொண்டே உருவாக்கிக்கொள்கிறது. புரதம் தயாரிக்கும் ரைபோசோம்கள் எந்தத் தீநுண்மியிடமும் இல்லை. ஆகவே மனிதரின் மூச்சுத்தொகுதியைத் தாக்கும் தீநுண்மிகளும், இறாலின் செவுள் முதலிய உறுப்புகளைத் தாக்கும் இத்தீநுண்மியும் இவ்வகையில் ஓம்புயிரைச் சார்ந்தே பெருகுகின்றன. வெண்புள்ளித் தீநுண்மி மனிதரைத் தாக்குவதில்லை.

நோயும் பழவேற்காடும்

பழவேற்காடு ஏரி, தமிழ்நாடு, ஆந்திரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் பரந்துள்ளது. இது சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். இதன் கரையிலுள்ள மீனவ ஊர்கள் வெள்ளை இறால், புலி இறால், சேற்று நண்டு, மடவை ஆகியவற்றை நம்பி வாழ்கின்றன. ஏரியில் வலை கட்டும் உரிமையைச் சுழற்சி முறையில் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்னும் வழக்கமும் இங்கு உண்டு.

1990களின் தொடக்கத்தில் ஏரியை அடுத்த நெல்லூர் மாவட்டம் உள்ளிட்ட கிழக்குக் கடற்கரைப் பகுதிகளில் இறால் பண்ணைகள் பெருகின. 1994-95 காலப்பகுதியில் வெண்புள்ளி நோய் பரவிப் பண்ணைகளில் பெரும் இழப்பை ஏற்படுத்தியது. நோயுற்ற இறால்கள் உணவு உண்ணாமல் குளத்தின் ஓரங்களில் ஒதுங்கும். ஓட்டில் கால்சிய உப்புகள் இயல்புக்கு மாறாகப் படிவதால் வெண்புள்ளிகள் தோன்றும். 3 முதல் 10 நாட்களுக்குள் ஒரு குளத்து இறால்கள் அனைத்துமே இறந்துவிடக்கூடும்.

அமைப்பு

இத்தீநுண்மி உறை உடையது. முட்டை அல்லது கோல் வடிவினது. ஒரு முனையில் வால் போன்ற நீட்சி கொண்டது. இதன் மரபுப்பொருள் ஏறக்குறைய 3 இலட்சம் இணைகள் கொண்ட, வட்ட வடிவ ஈரிழை டி.என்.ஏ. ஆகும். இதன் முழு வரிசை 2001 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. உறையிலுள்ள முதன்மைப் புரதங்களுள் ஒன்று வி.பி.28 எனப்படும்.

புரத உருவாக்கத்தின் படிகள்

1. தீநுண்மி, உயிரணுவுடன் ஒட்டி உள்ளே நுழைகிறது. அதன் டி.என்.ஏ. உயிரணுவின் கருவை அடைகிறது.
2. இறாலின் நொதிகள் முதலில் தீநுண்மியின் உடனடி மரபணுக்களைப் படியெடுத்துத் தூது ஆர்.என்.ஏ.க்களை உருவாக்குகின்றன. நோய் எதிர்ப்பில் பங்குகொள்ளும் 'ஸ்டாட்' என்னும் இறால் புரதத்தையே, இம்மரபணுக்களுள் ஒன்றை முடுக்கிவிடத் தீநுண்மி பயன்படுத்திக்கொள்கிறது.
3. தூது ஆர்.என்.ஏ. கருவைவிட்டுச் சைட்டோபிளாசத்துக்கு வருகிறது. அங்கு இறாலின் ரைபோசோம்கள் அதைப் படித்து, இறாலின் அமினோ அமிலங்களைக் கோத்துத் தீநுண்மியின் புரதங்களை உருவாக்குகின்றன. ரைபோசோமுக்கு இது யாருடைய செய்தி என்ற வேறுபாடு தெரிவதில்லை.
4. முதலில் உருவாகும் புரதங்கள் டி.என்.ஏ.வைப் பெருக்க உதவுகின்றன. வி.பி.28 போன்ற கட்டமைப்புப் புரதங்கள் பின்னரே உருவாகின்றன.
5. கட்டமைப்புப் புரதங்கள் மீண்டும் கருவுக்குள் சென்று, புதிய தீநுண்மிகளாக ஒன்றிணைகின்றன. கரு வீங்குகிறது, இறுதியில் உயிரணு அழிகிறது.

மூச்சுத்தொகுதித் தீநுண்மிகளுடன் ஒப்பீடு

ரைபோசோமைப் பயன்படுத்துவது பொதுவாயினும், அதை அடையும் வழி வேறுபடுகிறது. இன்புளுவென்சா தீநுண்மியின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. ஆகும். அதுவும் கருவுக்குள் செயல்படுகிறது. மனித உயிரணுவின் தூது ஆர்.என்.ஏ.க்களின் தலைப்பகுதியை வெட்டியெடுத்துத் தன் செய்திகளின் முன்னே அது இணைத்துக்கொள்கிறது. கோவிட்-19 நோயை உண்டாக்கும் தீநுண்மிக்குக் கரு தேவையில்லை. அதன் ஆர்.என்.ஏ.வைச் சைட்டோபிளாசத்திலுள்ள ரைபோசோம்கள் நேரடியாகவே படிக்கின்றன. அவ்வாறு உருவாகும் புரதங்களுள் ஒன்று, மனித உயிரணுவின் சொந்தச் செய்திகள் ரைபோசோமில் படிக்கப்படுவதைத் தடுக்கிறது.

தடுப்பு

இறாலின் சொந்த ரைபோசோம்களே தீநுண்மிக்காகவும் உழைப்பதால், அவற்றை முடக்கினால் இறாலும் இறந்துவிடும். ஆகவே தீநுண்மியின் செய்தியை மட்டும் அழிப்பதே ஆய்வாளர் தேடும் வழிகளுள் ஒன்று. வி.பி.28 மரபணுவுக்கு ஒத்த ஈரிழை ஆர்.என்.ஏ.வை உணவின் வழியே அளித்தால் இறால்களுக்குப் பாதுகாப்புக் கிடைப்பதை, மேல்விசாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி ஆய்வாளர்கள் 2008 இல் வெளியிட்டனர். அந்த ஆர்.என்.ஏ.வை அடையாளமாகக் கொண்டு, அதனோடு பொருந்தும் தூது ஆர்.என்.ஏ.வை உயிரணுவே துண்டாக்கிவிடுகிறது.

இறால்கள் எதிர்ப்பான்களை உருவாக்குவதில்லை. எனவே மனிதருக்கு உள்ளதுபோன்ற தடுப்பூசி முறை இவற்றுக்குப் பொருந்தாது. பண்ணைகளில் பி.சி.ஆர். ஆய்வு செய்யப்பட்ட குஞ்சுகளை விடுதல், நீரைத் தொற்றுநீக்கம் செய்தல் ஆகியனவே முதன்மையான வழிகள். நண்டுகள் நோய்க்குறி காட்டாமலே தீநுண்மியைச் சுமக்கக்கூடும். ஆதலால் நோயுற்ற குளத்தின் நீரைத் தூய்மைப்படுத்தாமல் ஏரியில் விடுவது, ஏரியை நம்பியுள்ள மீனவருக்கும் கேடாகும்.

எசு. செகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 திசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் பண்ணைகள் அமைக்கக் கூடாது என ஆணையிட்டது. மாசும் நிலம் உவராதலும் அத்தீர்ப்பின் முக்கியக் காரணங்கள். பின்னர் 2005 இல் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது.