கல்வெட்டில் ஏறாத செலவு

விழுப்புரத்தை அடுத்த மண்டகப்பட்டில், ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய நான்குமின்றி அயன், அரன், அரி மூவருக்கும் அதனை அமைத்ததாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு பெருமிதத்தோடு அறிவிக்கிறது. பயன்படுத்தாத பொருள்கள் கல்லில் ஏறின. உளி பிடித்தோர் உழைப்பு ஏறவில்லை. உழைப்போர் உடலும் உள்ளமும் தாங்கும் செலவு இன்றும் கணக்கேடுகளில் முழுமையாக இடம்பெறுவதில்லை.

பணியழுத்தம் அத்தகைய செலவு. ஆற்றலை விஞ்சிய வேலை நெருக்கும்போது மூளை அதனை இடராகவே உணர்கிறது. மூளையடிச் சுரப்பியின் ஏவலால் அண்ணீரகச் சுரப்பிகள் கார்ட்டிசாலை வெளியிடுகின்றன. நரம்புகளின் தூண்டலால் அட்ரினலினும் சுரக்கிறது. நெஞ்சத்துடிப்பு விரைகிறது, குருதியழுத்தம் ஏறுகிறது, குருதியில் சர்க்கரை மிகுகிறது. இடர் நீங்கினால் யாவும் அடங்கும். இடரே அன்றாடமானால் உறக்கம் கெட்டு, குருதிக்குழாய்களும் நலிகின்றன.

மேலாளர்க்கே அழுத்தம் மிகுதி என்னும் எண்ணம் பிழையானது. சுமை மிகுந்து, அதனை நடத்தும் உரிமை குறைந்தோரே மிகுதியாக நலிகின்றனர் என்று 1979-இல் இராபர்ட் கராசெக் எடுத்துரைத்தார். இலண்டன் அரசு ஊழியரிடையே மைக்கேல் மார்மோட் குழுவினர் நிகழ்த்திய நெடிய ஆய்விலும் கீழ்நிலைப் பணியாளர்க்கே நெஞ்சக நோய் மிகுந்திருந்தது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வழியே சென்னைக்குப் பேருந்து ஓட்டுபவரை எண்ணிப் பாருங்கள். கால அட்டவணை அவர் வகுத்ததன்று. சாலை நெரிசல் அவர் விளைத்ததன்று. காலத்தாழ்ச்சிக்கு விடை கூற வேண்டியவர் மட்டும் அவரே.

வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைத்ததால் உலகெங்கும் 2016-இல் மட்டும் மூளைத்தாக்காலும் நெஞ்சக நோயாலும் ஏறத்தாழ 7,45,000 பேர் மாண்டனர் என உலக நலவாழ்வு அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் மதிப்பிட்டுள்ளன. உளச்சோர்வாலும் பதற்றத்தாலும் ஆண்டுதோறும் 1,200 கோடி வேலைநாள்கள் வீணாகின்றன. பொருளிழப்போ ஏறத்தாழ ஓர் இலட்சம் கோடி டாலர்.

வேலை நேரப் போராட்டம் இங்கும் பழையதே. 1923-இல் சென்னைக் கடற்கரையில் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் மே நாள் கொடியேற்றினார். ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரலில், நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் தமிழ்நாட்டுப் பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்பு வலுத்தபின் அது திரும்பப் பெறப்பட்டதாக மே நாளன்று முதலமைச்சர் அறிவித்தார். நெடுநேர வேலை கூடாது என்பதே அறிவியலின் தீர்ப்பும்.

பணியாளர்க்கு மூச்சுப் பயிற்சி கற்பிப்பது நன்று. ஆனால் வேலையின் அளவும் ஓய்வின் நேரமும் வகுக்கப்படும் அவையில் அவர்க்கு இருக்கை தராத நிறுவனத்தில் அப்பயிற்சி நோயைத் தடுக்காது.