முட்டை அட்டையில் பெருக்கல்

"ஏழு எட்டு எவ்வளவு?" என்றால் ஐம்பத்தாறு என்று பாடுகிற பிள்ளை, "பெட்டிக்கு எட்டு பென்சில் வீதம் ஏழு பெட்டியில் எத்தனை?" என்றதும் கூட்டுவதா பெருக்குவதா என்று முழிக்கும். வாய்ப்பாடு வாயில் இருக்கிறது, அது எதைச் சொல்கிறது என்பது பிடிபடவில்லை.

நாலு கிண்ணமும் கொஞ்சம் புளியங்கொட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். (கொட்டைக்குப் பதில் பாட்டில் மூடியும் ஆகும். கைக்குழந்தை இருக்கும் வீடானால் இரண்டுமே அதன் கைக்கு எட்டக் கூடாது.) கிண்ணத்துக்கு மூன்று வீதம் போட்டு, மொத்தம் எத்தனை என்று கேளுங்கள். முதலில் ஒவ்வொன்றாக எண்ணும், பிறகு மும்மூன்றாகக் கூட்டும். அவசரப்படுத்த வேண்டாம். அடுத்து, ஒரு கிண்ணத்திலிருந்து ஒரு கொட்டையை எடுத்துவிட்டு, "இப்போதும் நாலு மூன்றா?" என்று கேளுங்கள். எல்லாக் கிண்ணத்திலும் சமமாக இருந்தால்தான் பெருக்கல் என்பது அப்போதுதான் உறைக்கும். நாலு வெறுங்கிண்ணத்தையும் காட்டுங்கள். நாலு பெருக்கல் பூஜ்யம் நாலு என்று சொல்லும் பிள்ளைகள் நிறைய.

கிண்ணத்தோடு நின்றுவிடக் கூடாது. வரிசைதான் முக்கியம். கடையில் தரும் 30 முட்டை அட்டையைப் பாருங்கள்: வரிசைக்கு ஆறு குழி, ஐந்து வரிசை. அட்டையைத் திருப்பி வைத்தால் வரிசைக்கு ஐந்து, ஆறு வரிசை. குழி ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை. இது புரிந்தால் பத்தாம் வாய்ப்பாடு வரைக்குமான 100 பெருக்கல்களில் 55 தெரிந்தாலே போதும், மீதி 45 திருப்பிப் போட்டவைதான்.

இனி கஷ்டமான ஏழு எட்டுக்கு வருவோம். வரிசைக்கு எட்டு வீதம் ஏழு வரிசை மூடி அடுக்குங்கள். ஒவ்வொரு வரிசையிலும் ஐந்தாவது மூடிக்கு அடுத்து நெடுக ஒரு தென்னங்குச்சி வையுங்கள். ஒரு பக்கம் 35, மறுபக்கம் 21, ஆக 56. மறந்துபோன பெருக்கலைத் தானே கட்டியெழுப்பும் வழி இது. பல்லாங்குழிப் பலகை இருந்தால் இன்னும் வசதி: குழிக்கு ஆறு வீதம் ஒரு பக்கத்து ஏழு குழியில் 42, இரண்டு பக்கமும் சேர்த்து 84. பதினான்காம் வாய்ப்பாடு தெரியாமலே 14 பெருக்கல் 6 வந்துவிட்டது.

பொருளை எப்போது எடுத்து வைப்பது? பிள்ளை தொட்டு எண்ணுவதை விட்டுவிட்டு, நோட்டில் தானே புள்ளி வரிசை போடத் தொடங்கும்போது. அதன்பிறகு வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். பெரிய கணக்குகளுக்கு அது வேண்டும், அதில் சலுகை தராதீர்கள்.