நச்சுவாயுக் கருவியின் குழாய் எதனால் ஆனது?

ரப்பர் பாலைச் செறிவாக்கும் ஆலைகளில் கழிவுநீர்க் குழியைத் துப்புரவு செய்யும் வேலை ஆண்டில் சில நாள்களே வரும். ஆயினும், ஆலை வேலைகளுள் பெரும் ஆபத்து நிறைந்தவற்றுள் அதுவும் ஒன்று. மேலிருந்து பார்ப்பவருக்கு முழங்கால் அளவுச் சேறுதான் தெரியும். அதில் இறங்கியவர் மயங்கி விழுவதும், அவரைத் தூக்கச் சென்றவர் அவர் அருகிலேயே சாய்வதும் பல நாடுகளில் மீண்டும் மீண்டும் நிகழ்ந்துள்ளன.

இதற்குக் காரணம் என்ன? பாலைச் சுழற்றிச் செறிவாக்கும்போது மிஞ்சுகின்ற நீர்த்த பாலை உறையவைக்கக் கந்தக அமிலம் சேர்க்கப்படுகிறது. அதன் எச்சம் கழிவுநீருடன் குழியை அடைகிறது. காற்றுப் புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதனை ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயுவாக மாற்றிவிடுகின்றன. இதற்கு அழுகிய முட்டையின் நாற்றம் உண்டு. "நாற்றம் அடித்தால் மேலே ஏறிவிடலாம்" என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். பத்து லட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 100 பங்கு இவ்வாயு சேர்ந்தாலே மூக்கு மரத்துப்போய், நாற்றம் அகன்றுவிட்டதாகவே தோன்றும். காற்றைவிடச் சற்றுக் கனமானதாகையால் இது குழியின் அடியில் தங்கக்கூடியது.

எனவேதான் எவரும் இறங்குமுன், பயிற்சி பெற்ற வாயுப் பரிசோதகர் மேலே நின்றபடியே நீண்ட குழாயைக் குழிக்குள் விட்டு, சிறு பம்பினால் காற்றை இழுத்துக் கருவியில் அளக்கிறார். எல்லோரும் கருவியின் எண்ணையே நோக்குகின்றனர்; குழாயை நோக்குவோர் அரியர். ஆனால் குழாய் பொருத்தமற்றதாயின் அந்த எண் பொய்யாகிவிடும்.

ரப்பரைக் குறைகூற நமக்கு மனம் வராது. நமக்குச் சோறு போடும் பொருள் அது. எனினும் இந்த ஒரு வேலைக்கு ரப்பர்க் குழாய் உதவாது. ஹைட்ரஜன் சல்பைடு போன்ற வாயுக்களைக் குழாயின் உட்சுவர் உறிஞ்சிக்கொள்ளும். கருவியை அடைவது எஞ்சிய பங்கே. பால் கெடாதிருக்கச் சேர்க்கும் அமோனியாவும் இத்தகையதே. குழாயினுள் ஈரம் இருந்தால் அதிலேயே கரைந்துவிடும். உறிஞ்சிய வாயுவைப் பின்னர் மெல்ல வெளியிட்டு, நல்ல காற்றையும் கெட்டதாகக் காட்டும் குறையும் பழைய குழாய்களுக்கு உண்டு. பிராணவாயுவையும் மீத்தேனையும் மட்டும் அளப்பதற்குச் சாதாரண பிளாஸ்டிக் குழாய் போதும். நச்சுவாயுக்களுக்கு டெஃப்லான் குழாய் ஏற்றது. அது விறைப்பானது, மடித்தால் நெளிந்து அடைபடும் என்பதால், உள்ளே டெஃப்லானும் வெளியே மென்மையான பிளாஸ்டிக்கும் அமைந்த குழாய்களும் விற்கப்படுகின்றன. விலை கூடுதல்தான், அங்கே சிக்கனம் பார்ப்பது தகாது.

குழாயின் அகலமும் கவனிக்கத்தக்கது. 10 மீட்டர் நீளமும் 3 மில்லிமீட்டர் உள்விட்டமும் உடைய குழாய் ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் காற்றைக் கொள்ளும். நிமிடத்திற்கு 300 மில்லிலிட்டர் இழுக்கும் பம்பு அதனை 14 விநாடியில் காலிசெய்யும். உள்விட்டம் 6 மில்லிமீட்டரானால் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும். அதற்குமுன் கருவி காட்டுவது குழாயில் ஏற்கெனவே இருந்த மேற்காற்றையே! காற்று வந்தபின்னும் கருவி உணர்ந்து நிலைபெற மேலும் நேரம் வேண்டும். ஆகவே மேல், நடு, அடி என ஒவ்வோர் ஆழத்திலும் பொறுத்திருந்தே அளக்கவேண்டும். பிராணவாயு 19.5 விழுக்காட்டிற்குக் குறைந்திருப்பின் இறங்கலாகாது.

குழாயின் நுனியை விரலால் அடைத்தால் பம்பு திணறி எச்சரிக்கை ஒலி எழவேண்டும். எழவில்லையெனில் எங்கோ ஓட்டை உள்ளது; நல்ல காற்று அதன்வழியே கலந்துவிடும். நுனியைச் சேற்றில் அமிழ்த்தலும் ஆகாது. நீரைத் தடுக்கும் வடிகட்டி அவசியம்.

இவற்றைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அன்று. 1994ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்யப்பட்டு 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம், உடனடி ஆபத்து உண்டென நியாயமாக நம்பும் தொழிலாளர், முதலாளி அதனை நீக்கத் தவறினால், அவ்விடத்தைவிட்டு விலகும் உரிமையை அளிக்கிறது.

இன்னொன்று: காலையில் அளந்த எண் மாலைவரை செல்லாது. மண்வெட்டி சேற்றைக் கிளறியதும் அடியில் சிறைப்பட்டிருந்த வாயு மேலெழும். ஆகையால் ஆள் உள்ளே இருக்கும் வரையில் குழாயும் உள்ளே இருக்கவேண்டும்.