கரிசல் வெயிலும் குதிரையின் உடலும்

குதிரையைப் பருவத்திற்கேற்பப் பராமரிப்பது என்பது, அடிப்படையில், அதன் உடலில் பிறக்கும் வெப்பம் வெளியேற வழிசெய்வதே ஆகும். ஓடும் குதிரையின் தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இயக்கமாக மாறாமல் வெப்பமாகவே வெளிப்படுகிறது. உடல் எடையோடு ஒப்பிடுகையில் அதன் தோற்பரப்பு மனிதருக்கு உள்ளதைவிடக் குறைவு என்பதால், அவ்வெப்பத்தைத் தணிக்க அது வியர்வையையே பெரிதும் நம்பியிருக்கிறது. கடும் உழைப்பின்போது ஒரு மணி நேரத்தில் 10 லிட்டருக்கும் மேல் வியர்க்கக்கூடிய அவ்விலங்கின் வியர்வையில் ‘லாதெரின்’ என்னும் புரதம் கலந்துள்ளது. தோலில் சுரக்கும் நீர் அடர்ந்த மயிரின் ஊடே நுனிவரை பரவி ஆவியாவதற்கு இப்புரதமே துணைசெய்கிறது. சேணத்தின் ஓரங்களில் திரளும் வெண்ணுரையும் இதனால் விளைவதுதான்.

ஆயினும் வியர்வை வழிந்தோடுவதால் உடல் குளிர்வதில்லை, ஆவியானால்தான் குளிரும். ஆவியாவதற்கு உலர்ந்த காற்று வேண்டும். ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டர் அளவிலேயே மழை பெறும், அதிலும் பெரும்பகுதியை வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்களில் பெற்றுவிடும் விருதுநகர் மாவட்டத்தில் அத்தகைய காற்றுக்குக் குறைவில்லை. தீக்குச்சியும் பட்டாசும் வெயிலில் காய்ந்தாக வேண்டிய பொருள்கள் என்பதால் சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் அத்தொழில்கள் வேரூன்ற உதவிய இந்த வறட்சி, குதிரைக்குப் பகையன்று. வெப்பமும் ஈரமும் ஒன்றுசேர்ந்த கடற்கரை ஊர்களே அதற்குக் கடினமானவை. அங்கு நெடுநாள் ஓயாது தூண்டப்படும் வியர்வைச் சுரப்பிகள் செயலிழந்து, குதிரை வியர்க்கவே இயலாமல் மூச்சிரைக்கும் ‘வியர்வையின்மை’ என்னும் நோயும் தோன்றுவதுண்டு.

தமிழகத்தின் தட்பவெப்பமே குதிரைக்கு ஒவ்வாதது என்ற கருத்து மிகப் பழையது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டிற்கு வந்த மார்க்கோ போலோ, ஆர்மூஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் வந்திறங்கியதையும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட எஞ்சாததையும் எழுதிவைத்தார். குதிரை மருத்துவம் அறிந்தோர் இங்கில்லை என்றும், விற்பனை குறைந்துவிடும் என்பதால் அத்தகையோர் வருவதை வணிகர்கள் தடுத்தனர் என்றும் அவர் குறிப்பிடுகிறார். ஏறத்தாழ அதே காலத்தைப் பற்றி எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், வறுத்த வாற்கோதுமையும் நெய்யிட்ட தானியமும் காய்ச்சிய பசும்பாலும் ஊட்டப்பட்ட இக்குதிரைகள் நாற்பது நாள் கொட்டிலிலேயே கட்டிவைத்துக் கொழுக்கவிடப்பட்டதையும், பிறகு எவ்விதப் பயிற்சியுமின்றி ஓட்டப்பட்டதையும் விவரிக்கிறார். காயல் துறையில் இறங்கிய குதிரைகள் மதுரையை அடையக் கரிசல் நிலத்தைக் கடந்தாக வேண்டும் என்பதால், இன்றைய விருதுநகர் மாவட்டத்திற்கு இவ்வரலாறு அயலானதன்று.

இன்றைய உடலியல் அறிவோடு வஸ்ஸாஃபின் விவரங்களைப் படிக்கும்போது, குற்றவாளி வெயிலன்று, தீவனத் தொட்டி என்பது விளங்கும். குதிரையின் இரைப்பை சிறியது. உண்டதை வாந்தியெடுக்க அதனால் இயலாது. நார்த்தீவனத்தைச் செரிக்கும் நுண்ணுயிரிகள் அதன் பெருங்குடலிலும் குடல்வாயிலும் வாழ்கின்றன. தானியம் மிகுந்தால், சிறுகுடலில் செரியாத மாவுச்சத்து அங்குச் சென்று புளித்து அமிலமாகி, அதன் விளைவாகக் குளம்பின் உள்ளே எலும்பைத் தாங்கிநிற்கும் மென்மடிப்புகள் வீங்கிச் சிதைகின்றன. குளம்பழற்சி எனப்படும் இந்நோய் முற்றினால் குதிரை நிற்கவும் மாட்டாது. மேலும், தானியம் தின்று சும்மா நின்ற குதிரையைத் திடீரென விரட்டினால் தசைநார்கள் சிதைந்து சிறுநீர் காப்பி நிறத்தில் வெளியேறும். ஞாயிறன்று ஓய்ந்து மறுநாள் வேலைக்குச் சென்ற வண்டிக் குதிரைகளிடம் இது காணப்பட்டதால் ஐரோப்பியர் இதனைத் ‘திங்கட்கிழமை நோய்’ என்றனர். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்னும் பழமொழியைக் குதிரைக்காரர் பின்பற்றாதிருப்பதே நலம். கொள்ளு ஓடி உழைக்கும் குதிரைக்கே உரியது, அதுவும் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் கூறுகள் அழியும்படி வேகவைத்த பிறகே.

கத்திரி வெயிற்காலப் பராமரிப்பில் தண்ணீரைவிட உப்பைப் பற்றியே மிகுதியாகக் கூற வேண்டியுள்ளது. மனித வியர்வை இரத்தத்தைவிட உப்புக் குறைந்தது. ஆகவே வியர்த்த மனிதரின் இரத்தம் செறிவடைந்து தாகத்தை எழுப்புகிறது. குதிரையின் வியர்வையோ இரத்தத்திற்கு நிகராகவோ அதற்கு மேலாகவோ உப்புக் கொண்டிருப்பதால், பல லிட்டர் நீரை இழந்த பின்னும் இரத்தத்தின் செறிவு உயராமல், தொட்டியருகில் நின்றும் குடிக்காத நிலை ஏற்படுகிறது. தீவனத்தில் சோற்றுப்பைச் சேர்ப்பது இதனால்தான். சூடேறிய குதிரையின் மீது குளிர்ந்த நீரை ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்ற நெடுங்கால அச்சமோ, 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கையொட்டி நடந்த ஆய்வுகளில் ஆதாரமற்றதெனத் தெரியவந்தது. இடைவிடாது நீரூற்றுவதே உடல் வெப்பத்தை விரைவாகத் தணிக்கும் வழி. கரிசல் காட்டிற்கே உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு: பச்சைச் சோளப்பயிரைத் தொடர்ந்து மேயும் குதிரைக்குச் சிறுநீர்ப்பை அழற்சியும் பின்னங்கால் தள்ளாட்டமும் வரலாம் என்பதால், நன்கு காய்ந்த சோளத்தட்டையே ஏற்றது.

ஐப்பசி மழையோடு நிலைமை தலைகீழாகிறது. வெயிலில் இறுகியிருந்த குளம்பு ஒட்டும் கரிசற் சேற்றில் ஊறி, அடிப்புறத்தின் மென்பகுதி அழுகத் தொடங்குகிறது. மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும் குளம்பை ஆறு வாரங்களுக்கொருமுறை சீவி லாடத்தை மாற்றுபவரின் கைத்திறன் அப்போது மருந்தைவிடப் பயன்தரும். கடிக்கும் ஈக்கள் பெருகுவதால், விட்டுவிட்டுக் காய்ச்சலும் சோகையும் கால் வீக்கமும் உண்டாக்கும் ‘சர்ரா’ நோயும் பரவுகிறது. இதன் ஒட்டுண்ணியைக் கிரிஃபித் எவன்ஸ் என்னும் படைக் கால்நடை மருத்துவர் 1880-இல் பஞ்சாபில் கண்டறிந்தார். தீபாவளியும் இப்பருவத்திலேயே வருகிறது. மனிதர் கேட்கும் எல்லையாகிய 20 கிலோஹெர்ட்ஸைக் கடந்து 33 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும் செவியும், ஆபத்தெனில் ஓடித் தப்பும் இயல்பும் கொண்ட விலங்கிற்கு வெடியோசை பேரச்சம் தருவது. வாய்வழி மூச்சுவிட அதனால் இயலாதாகையால், புகையும் நேரே நாசியைத் தாக்கும். கோயில் கொடையிலும் சாவு ஊர்வலத்திலும்கூட வெடி போடும் வட்டாரத்தில் குதிரை வளர்ப்போர், பதிவுசெய்த வெடியோசையை மெல்லிய அளவில் தொடங்கிப் பல வாரங்கள் பழக்குவதும், அந்நேரங்களில் துணைக் குதிரையோடும் உலர்தீவனத்தோடும் கொட்டிலில் நிறுத்துவதும் நடைமுறைக்கு உகந்தவை.

உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியை 1761-இல் பிரான்சின் லியோன் நகரில் நிறுவிய குளோட் பூர்ழெலா, குதிரையேற்றப் பள்ளியொன்றின் தலைவராக இருந்தவர். சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-லும், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989-லும் தோன்றின. அதன் திருநெல்வேலிக் கல்லூரி விருதுநகருக்கு அண்மையிலேயே உள்ளது. இங்குப் பயிலும் மாணவர், குதிரையைப் பொறுத்தவரை, பாடநூலின் பருவங்களைத் தம் ஊர்ப் பருவங்களாக மாற்றிக்கொண்டாக வேண்டும். பகற்பொழுது நீளும்போதே பெட்டைக் குதிரை சினைப்பருவம் அடையும் என்றும், குளிர்காலத்தில் கொட்டிலில் விளக்கேற்றிப் பகலை நீட்டிக் காட்டினால் அதனை முன்கூட்டியே வரவழைக்கலாம் என்றும் குளிர்நாட்டு நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. விருதுநகரிலோ மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேலான வேறுபாடே உண்டு. எனவே விளக்கைவிடத் தீவன இருப்பையும் வெயிலையும் கணக்கிட்டு இனச்சேர்க்கை மாதத்தைத் தேர்ந்தெடுப்பதே பொருத்தமானது. சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதங்கள் என்பதால், தை மாதத்தில் சினையான பெட்டை அடுத்த மார்கழியில் மழை ஓய்ந்து பசும்புல் நிற்கும் வேளையில் ஈனும். கத்திரி தொடங்கும்போது குட்டி நான்கு மாதத்தை எட்டி, தாய்ப்பாலோடு தீவனமும் உண்ணப் பழகியிருக்கும்.