ஐஸ் ஹாக்கியை அமெரிக்கர்கள் ஏன் கண்டுக்கவே இல்லை?

2025 பிப்ரவரி, பாஸ்டன். '4 நேஷன்ஸ்' ஐஸ் ஹாக்கி ஃபைனலில் அமெரிக்காவும் கனடாவும் மோதின. அமெரிக்காவில் மட்டும் சராசரியாக 93 லட்சம் பேர் பார்த்தார்கள்.

அப்புறம் என்ன, ஹிட்டுதானே? அங்கேதான் சிக்கல். நாடு ஆடினால் பார்க்கிறார்கள், லீக் ஆடினால் சேனலை மாத்திடறாங்க. இத்தனைக்கும் என்.ஹெச்.எல் லீக்கின் 32 அணிகளில் 25 அமெரிக்காவில்தான் இருக்கின்றன.

பக் எங்கே?

ஆடுவது 'பக்' என்ற கறுப்பு ரப்பர் வட்டு. அகலம் வெறும் 3 அங்குலம். வேகம் மணிக்கு 160 கி.மீ-யைத் தாண்டும். டி.வி-யில் கண்ணுக்கே சிக்காது. 1996-ல் ஃபாக்ஸ் சேனல் பக்கை திரையில் நீலமாக ஒளிரவிட்டது. வேகமாக அடித்தால் சிவப்பு வால் வேற! தீவிர ரசிகர்கள் கடுப்பானார்கள். 1998-ல் மூட்டை கட்டியாச்சு.

காசு, பணம், ஐஸ்

பேஸ்கட்பாலுக்கு ஒரு பந்தும் வளையமும் போதும். இங்கே ஸ்கேட்ஸ், கவசம், ஐஸ் தளத்துக்கு வாடகை என எகிறும். சின்ன வயசில் ஆடிப் பார்க்காத விளையாட்டு மனசில் ஒட்டுவது கஷ்டம்.

சேம் சைடு கோல்

சம்பளத் தகராறில் 2004-05 சீசன் மொத்தமும் ரத்தானது. அதன்பின் இ.எஸ்.பி.என் கைகழுவ, போட்டிகள் ஓ.எல்.என் என்ற சின்ன கேபிள் சேனலுக்குப் போயின. இ.எஸ்.பி.என்-னுக்குத் திரும்பியது 2021-ல்தான். அதற்குள் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது.

ஆக, ஆட்டத்தில் குறையில்லை. அந்த 93 லட்சம் பேரை ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மேட்சுக்கும் உட்கார வைக்க முடியுமா என்பதுதான் கேள்வி.