இருமலை அலட்சியம் செய்யாதீர்கள்: சுவாசப்பை நோய்களை இனங்காணலும் சிகிச்சையும்



சுகாதாரமும் உடற்கல்வியும், விஞ்ஞானம் ஆகிய இரு பாடங்களிலும் சுவாச நோய்கள் பற்றிக் கற்கிறீர்கள். அவற்றைப் பரீட்சைக்கு ஏற்ற முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆயினும் பாடத்தைத் தொடங்கும் முன் ஒரு சம்பவத்தைக் கூற விரும்புகிறேன்.

எனது வகுப்பில் படித்த ஒரு மாணவி, “காசநோயின் அறிகுறிகள் நான்கு தருக” என்ற வினாவுக்கு முழுப் புள்ளி பெற்றாள். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் வியர்த்தல், உடல் மெலிதல் என நான்கையும் பிழையின்றி எழுதியிருந்தாள். அடுத்த வாரம் அவள் வகுப்புக்கு வரவில்லை. பின்னர் விசாரித்தபோது, “அம்மாவுக்கு ரெண்டு மாசமா இருமல் டீச்சர். பனிக் காலந்தானே, அப்பிடித்தான் இருக்கும்னு விட்டுட்டோம். இப்ப மலைக்கும் போக முடியல” என்றாள். அம்மாவின் உடல் மெலிந்திருந்தது. இரவில் வியர்வையால் போர்வை நனைந்தது. விடைத்தாளில் எழுதிய நான்கும் வீட்டுக்குள்ளேயே இருந்தன. ஆனால் தாள் வேறு, வீடு வேறு என்று அவள் நினைத்துவிட்டாள்.

நான் கலைப் பட்டதாரி, வைத்தியர் அல்லேன். இப்பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் என்ற முறையிலேயே எழுதுகிறேன். இதனைப் படிக்கும்போது விடைத்தாளை மட்டுமன்றி உங்கள் வீட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

1. மூச்சு செல்லும் பாதை

நாம் உள்ளெடுக்கும் வளி மூக்கு, தொண்டை, வாதனாளி, சுவாசக் குழாய்கள், சிறுகுழாய்கள் வழியாகச் சென்று சுவாசப்பையின் சிற்றறைகளை அடைகிறது. சிற்றறைகளின் சுவர் மிக மெல்லியது. அதனூடாக ஒட்சிசன் குருதிக்குள் செல்கிறது; காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது.

இப்பாதையில் எந்த இடம் பாதிக்கப்படுகிறது என்பதைக் கொண்டு நோய்களை எளிதாக வேறுபடுத்தலாம்.

• ஆஸ்துமா: சுவாசக் குழாய்கள் சுருங்கி வீங்குகின்றன. சிகிச்சையால் மீண்டும் விரிகின்றன.
• நாட்பட்ட சுவாசத்தடை நோய்: புகையால் குழாய்களும் சிற்றறைகளும் படிப்படியாகச் சேதமடைகின்றன. இச்சேதம் முற்றாக மீள்வதில்லை.
• நிமோனியா: கிருமித் தொற்றினால் சிற்றறைகளில் திரவமும் சீழும் நிறைகின்றன.
• காசநோய்: மைக்கோபற்றீரியம் டியூபர்குலோசிசு என்னும் பற்றீரியா சுவாசப்பையின் இழையத்தை மெல்ல அழிக்கிறது.

நான்கிற்கும் இருமல் பொதுவானது. ஆகவே இருமலை மட்டும் கொண்டு நோயைத் தீர்மானிக்க முடியாது. பரிசோதனை அவசியமாவது இதனாலேயே.

2. மலையகச் சூழலும் சுவாசமும்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா பகுதிகளும் குளிரானவை. குளிர் வளி ஆஸ்துமா உள்ளவர்களின் குழாய்களைச் சுருங்கச் செய்யும். குளிருக்கு அஞ்சி கதவையும் சன்னலையும் அடைத்துவிடுகிறோம். லயத்து அறையில் பலர் ஒன்றாக உறங்குகிறோம். அதே கூரையின் கீழ் ஈர விறகில் அடுப்பு எரிகிறது. காற்றோட்டமின்மை காசநோய்க் கிருமிக்குச் சாதகமானது. புகை நாட்பட்ட சுவாசத்தடை நோய்க்குக் காரணமாகிறது.

தொழிலும் ஒரு காரணியாகும். தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் இடத்தில் எழும் தூசியால் சிலருக்கு ஆஸ்துமா ஏற்படுவதை இலங்கையின் மார்பு நோய் வைத்திய நிபுணர் சி. ஜி. ஊரகொட 1970 இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விவரித்தார். எனவே வைத்தியர் “என்ன வேலை செய்கிறீர்கள்?” என்று கேட்டால் அதுவும் நோய் காணலின் ஒரு பகுதியே என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

3. காசநோயை எவ்வாறு இனங்காண்பது?

1882 மார்ச் 24 அன்று ஜேர்மனிய விஞ்ஞானி ரொபர்ட் கொக், காசநோயை உண்டாக்கும் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். ஆண்டுதோறும் மார்ச் 24 உலக காசநோய் தினமாக அனுட்டிக்கப்படுவது இதனாலாகும். காசநோய் பரம்பரை நோயன்று, தெய்வக் குற்றமுமன்று, கிருமித் தொற்றே என்பது அன்று உறுதியாயிற்று.

நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் வெளிவரும் நுண்துளிகள் வளியில் மிதக்கின்றன. அவற்றைச் சுவாசிப்பவருக்குக் கிருமி தொற்றலாம். தொற்றிய அனைவரும் நோயாளியாவதில்லை. நூற்றுக்கு 5 முதல் 10 பேர் வரையிலானோருக்கே வாழ்நாளில் எப்போதாவது நோய் வெளிப்படுகிறது. போசாக்கின்மை, நீரிழிவு, புகைத்தல், மதுபானம், எச்.ஐ.வி. தொற்று ஆகியன இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன.

பரிசோதனைகள் வருமாறு:

(அ) சளிப் பரிசோதனை. சளி மாதிரிகளுள் ஒன்று அதிகாலையில் எடுக்கப்படும். வாயைக் கொப்பளித்து, ஆழ மூச்செடுத்து, நெஞ்சிலிருந்து இருமிச் சளியை எடுக்க வேண்டும். உமிழ்நீர் பயன்படாது. திறந்த வெளியில் நின்று எடுப்பதே மற்றவர்களுக்குப் பாதுகாப்பானது. சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால் நீல நிறப் பின்னணியில் கிருமிகள் சிவப்புக் கோல்களாகத் தெரியும்.

(ஆ) ஜீன் எக்ஸ்பேர்ட் பரிசோதனை. இக்கருவி கிருமியின் மரபுப்பொருளைத் தேடுகிறது. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் முடிவு கிடைக்கும். றிபம்பிசின் மருந்துக்குக் கிருமி எதிர்ப்புத் தன்மை பெற்றுள்ளதா என்பதையும் காட்டும்.

(இ) மார்பு எக்ஸ்-கதிர்ப் படம். சுவாசப்பையில் பாதிக்கப்பட்ட இடத்தைக் காட்டும். படம் மட்டும் பெரும்பாலும் போதாது. சளிப் பரிசோதனையே கிருமி உண்டு என்பதை உறுதி செய்கிறது.

(ஈ) கிருமி வளர்ப்பு. நம்பகமானது. ஆனால் இக்கிருமி மிக மெதுவாக வளர்வதால் பல வாரங்கள் எடுக்கும்.

4. ஆறு மாதச் சிகிச்சை ஏன்?

வழமையான காசநோய்க்கு முதல் 2 மாதங்கள் ஐசோனியசிட், றிபம்பிசின், பைரசினமைட், எதம்பியூட்டோல் ஆகிய நான்கு மருந்துகளும், அடுத்த 4 மாதங்கள் ஐசோனியசிட், றிபம்பிசின் ஆகிய இரண்டும் வழங்கப்படுகின்றன. மொத்தம் 6 மாதங்கள்.

மருந்து தொடங்கிச் சில வாரங்களில் இருமல் குறைகிறது, பசி எடுக்கிறது, எடை கூடுகிறது. பலரும் தவறு செய்வது இந்த இடத்தில்தான். “சுகமாயிருச்சு” என்று மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். வேகமாகப் பெருகும் கிருமிகளே முதலில் இறக்கின்றன. மெதுவாக வளரும் கிருமிகள் உடலில் எஞ்சியிருக்கும். இடையில் நிறுத்தினால் அவை மீண்டும் பெருகும். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளும் உருவாகலாம். அதன் பின் சிகிச்சை கடினமாகிறது. இதைத் தவிர்க்கவே சுகாதாரப் பணியாளர் ஒருவரின் முன்னிலையில் மருந்தை விழுங்கும் நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சை நடைமுறையில் உள்ளது.

இம்மருந்துகளை உட்கொள்பவர் அறிய வேண்டியவை:

• றிபம்பிசினால் சிறுநீர் செம்மஞ்சள் நிறமாகும். பயப்பட வேண்டியதில்லை.
• கண் மஞ்சளாதல், தொடர் வாந்தி, பார்வை மங்கல் ஏற்பட்டால் உடனே சிகிச்சை நிலையத்துக்குச் செல்ல வேண்டும்.
• சூரை, கெலவல்லா போன்ற மீன்கள் ஐசோனியசிட் உட்கொள்பவருக்கு முகம் சிவத்தல், தலைவலி, படபடப்பு ஆகியவற்றை உண்டாக்கலாம். இதனை 1977 இல் ஆய்வு மூலம் விளக்கியவர்களுள் மேற்கூறிய ஊரகொடவும் ஒருவர்.

இலங்கையில் அரச மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். நுவரெலியா உட்பட ஒவ்வொரு மாவட்டத்திலும் அத்தகைய நிலையம் உண்டு. வெலிசறையில் சுவாச நோய்களுக்கான தேசிய வைத்தியசாலை இயங்குகிறது. தோட்டத்து மருந்தகத்தில் இருமலுக்குப் பாணி மருந்து வாங்கிக் குடித்தும் இரண்டு வாரங்களில் குணமாகாவிட்டால், “சளிப் பரிசோதனை செய்ய வேண்டும்” என்று நீங்களாகவே கேளுங்கள்.

5. சென்னையிலிருந்து ஒரு சான்று

முற்காலத்தில் காசநோயாளியை வீட்டிலிருந்து பிரித்து, சானற்றோரியம் எனப்படும் தனி வைத்தியசாலையில் மாதக்கணக்கில் வைத்திருந்தனர். ஏழைகளுக்கு அது இயலாத காரியம். சென்னையில் 1956 இல் தொடங்கப்பட்ட காசநோய் மருத்துவ ஆய்வு நிலையம் ஒரு கேள்வியை எழுப்பியது. நெருக்கமான சிறு வீடுகளில் வாழும் ஏழை நோயாளிகளுக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தால் என்ன?

ஒரு பிரிவினர் சானற்றோரியத்திலும் மற்றப் பிரிவினர் வீட்டிலும் சிகிச்சை பெற்றனர். 1959 இல் வெளியான முடிவு உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. சானற்றோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் இருந்தபோதிலும், வீட்டில் சிகிச்சை பெற்றோரும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தனர். வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தினருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. குணப்படுத்தியது ஒழுங்காக உட்கொண்ட மருந்தே.

நமக்கு இதனால் கிடைக்கும் பாடம் என்ன? நோயாளியின் கோப்பையையும் தட்டையும் ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. காசநோய் பாத்திரம் மூலம் பரவுவதில்லை. முறையாக மருந்து தொடங்கினால், சாதாரண காசநோயில் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் தொற்றும் தன்மை பெரிதும் குறைகிறது. அதுவரை வாயை மூடி இருமுவதும், முகக்கவசம் அணிவதும், சன்னலைத் திறந்து வைப்பதும் போதுமானவை. ஒதுக்கி வைத்தால் என்ன நடக்கும்? அடுத்த வீட்டில் இருமுபவர் நோயை மறைப்பார். மறைத்த நோய்தான் பரவும்.

2023 இல் உலகில் ஏறத்தாழ 1 கோடி 8 இலட்சம் பேர் காசநோய்க்கு ஆளாயினர். 12 இலட்சத்து 50 ஆயிரம் பேர் இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. குணப்படுத்தக்கூடிய ஒரு நோயால் ஏற்பட்ட இறப்புகள் இவை.

பிறந்தவுடன் ஏற்றப்படும் பி.சி.ஜி. தடுப்பூசி, குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோய் வடிவங்களிலிருந்து பாதுகாக்கிறது. ஆனால் கையில் தழும்பு இருப்பதால் பெரியவர்களுக்குக் காசநோய் வராது என்று கருதுவது தவறு.

6. ஆஸ்துமாவும் அடுப்புப் புகையும்

மூச்சு விடும்போது விசில் போன்ற ஒலி, இரவிலும் அதிகாலையிலும் கூடும் இருமல், நெஞ்சு இறுக்கம் ஆகியன ஆஸ்துமாவின் அறிகுறிகள். இவை வந்து போகும் தன்மையுடையவை. ஒரு சிறு குழாய்க் கருவியில் பலமாக ஊதச் செய்து வெளிமூச்சின் உச்ச வேகத்தை அளப்பர். குழாய்களை விரிக்கும் மருந்தைக் கொடுத்து மீண்டும் ஊதச் செய்யும்போது அளவு நன்கு உயர்ந்தால் அது ஆஸ்துமாவைச் சுட்டுகிறது.

நாம் “பம்ப்” என்று சொல்லும் உறிஞ்சி மருந்துகள் இரு வகைப்படும். சல்பியூட்டமோல் போன்றவை குழாய்களை விரித்து உடனடி நிவாரணம் தருபவை. ஸ்டீரொயிட் உறிஞ்சிகள் வீக்கத்தைக் குறைத்து, இழுப்பு வராமல் தடுப்பவை. சுகமாக இருக்கும் நாட்களிலும் தடுப்பு மருந்தை விடாமல் எடுக்க வேண்டும். “பம்ப் அடித்தால் பழகிவிடும்” என்பது தவறான நம்பிக்கை. மருந்து நேரே சுவாசப்பைக்குச் செல்வதால் மிகக் குறைந்த அளவே போதுமானது.

நாட்பட்ட சுவாசத்தடை நோயில் மூச்சுத்திணறல் ஆண்டுக்கு ஆண்டு கூடும். சிகரெட், பீடி புகைப்போருக்கு மட்டுமன்றி, பல ஆண்டுகள் விறகடுப்பில் சமைத்த பெண்களுக்கும் இது ஏற்படுகிறது. ஒருவர் ஊதி வெளியேற்றும் மொத்த வளியில் முதல் செக்கனில் எவ்வளவு வெளிவருகிறது என்பதைச் சுவாசமானி அளக்கும். குழாய் விரிக்கும் மருந்துக்குப் பின்னரும் அது 70 சதவீதத்துக்குக் குறைவாயின் தடை உண்டு. நன்கு உலர்ந்த விறகு, புகைபோக்கி, திறந்த சன்னல் ஆகியன புகையைக் குறைக்கும். அடுப்பருகே கைக்குழந்தையைப் படுக்க வைக்கக் கூடாது.

7. தம்பி, தங்கையின் மூச்சை எண்ணுங்கள்

குழந்தைகளின் நிமோனியாவை முதலில் கண்டுபிடிக்கக்கூடியவர் வீட்டிலுள்ளவரே. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். பின்வரும் அளவு அல்லது அதற்கு மேல் இருப்பின் அது வேகமான மூச்சாகும்.

• 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தை: 60
• 2 முதல் 12 மாதம் வரை: 50
• 1 முதல் 5 வயது வரை: 40

இருமலுடன் வேகமான மூச்சு இருந்தால் அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும். நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்குதல், உதடு நீலமாதல், பால் குடிக்க இயலாமை, பேச முடியாத மூச்சுத்திணறல், இருமலில் அதிக இரத்தம் ஆகியன அவசர நிலைகள். உடனே 1990 என்ற இலவச அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். பாதை சீரற்ற தோட்டமாயின் வாகனம் வரக்கூடிய சந்தியை அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள்.

மாதிரி வினாக்களும் விடைகளும்

1. காசநோயை உறுதிப்படுத்தும் இரு பரிசோதனைகள் தருக.
விடை: சளியை நுணுக்குக்காட்டியில் பரிசோதித்தல், ஜீன் எக்ஸ்பேர்ட் பரிசோதனை.

2. ஆஸ்துமாவுக்கும் நாட்பட்ட சுவாசத்தடை நோய்க்கும் இடையிலான பிரதான வேறுபாடு யாது?
விடை: ஆஸ்துமாவில் குழாய்ச் சுருக்கம் பெரும்பாலும் மீளக்கூடியது, மற்றையதில் சேதம் முற்றாக மீளாது.

3. காசநோயாளி மருந்தை இடையில் நிறுத்தக் கூடாது. காரணம் கூறுக.
விடை: எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகும், மருந்துக்கு எதிர்ப்புடைய கிருமிகள் உருவாகலாம்.

4. உங்கள் வீட்டில் யாருக்கேனும் இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் உண்டா?

நான்காவது வினாவுக்குப் புள்ளியும் இல்லை, விடையை நான் தரவும் முடியாது. முதலில் கூறிய மாணவியின் அம்மாவுக்குச் சளிப் பரிசோதனையில் காசநோய் உறுதியானது. வீட்டிலிருந்த அனைவரும் பரிசோதிக்கப்பட்டனர். ஆறு மாதமும் மருந்து உட்கொண்ட அந்தத் தாய் இன்று மீண்டும் மலையில் கொழுந்து பறிக்கிறார். நாள் தவறாமல் மருந்து உட்கொண்டதைச் சுவர் நாட்காட்டியில் அடையாளமிட்டவள் மகளே. அந்த இரண்டு மாதம் முன்னரே நான்காவது வினாவை வகுப்பில் கேட்காமல் விட்டது என் தவறு. இப்போது கேட்டுவிட்டேன். விடையை இன்றிரவு வீட்டில் கேட்டுப் பாருங்கள்.